பரிந்துறை

அத்தான் எழுதும் தமிழை என்னைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை. பதினொரு வருடமாக அதன் அழுக்கைத் துவைப்பவள் நான். அவர் எங்கள் மாலைப் பத்திரிகையின் தலைமை நிருபர், என் அக்கா வீட்டுக்காரர். நான் பிழை திருத்துகிறவள். வேலை வாங்கித் தந்தவர் அவர்தான். அதை மாதம் ஒருமுறையாவது சொல்லிக் காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அவருக்கென்று சொந்தமாக ஒரு பிழை உண்டு. 'பரிந்துரை'யைப் 'பரிந்துறை' என்றுதான் எழுதுவார். பரிந்து உரைப்பதுதான் பரிந்துரை என்று நூறு முறை சொல்லியாயிற்று.

"எல்லாம் ஏதாவதொரு துறையிலேருந்துதானே வருது? அப்ப பெரிய ற-தான்" என்பார்.

பரிவுக்கென்று எந்த அரசாங்கத்திலும் துறை கிடையாது என்று முணுமுணுத்தபடி ற-வை ர ஆக்குவேன். வேறு யாரும் இப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருந்தது. காலை பத்து மணிக்கு முதல் பக்கத்தின் புரூஃப் என் மேசைக்கு வந்தது. நகரசபைத் தலைவர் பதவிக்கு நிற்கும் நர்ஸம்மா எழுதியதாக ஒரு கடிதத்தின் படம். டைப் அடித்தது, கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. ஆஸ்பத்திரி மருந்து ஒப்பந்தத்தைத் தன் தம்பிக்கே கொடுக்கச் சொல்லும் கடிதம். பக்கத்திலேயே அத்தானின் பெயரும் போட்டோவும் போட்ட செய்தி.

கடிதத்தின் மூன்றாவது வரி: 'என் தம்பியின் பெயரைப் பரிந்துறை செய்கிறேன்.'

மறுபடி படித்தேன். அதே பெரிய ற. அடுத்த நிமிடம் கோபம் தலைக்கேறியது. இருபத்தெட்டு வருடம் நோயாளிகளின் மலஜலம் எடுத்த பெண்மணி அவர். இந்த மனிதர் உட்கார்ந்த இடத்தில் அவரைத் திருடி ஆக்கிவிட்டார்.

ஆசிரியர் அறைக்குப் போனேன். அத்தான் அங்கே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் கடிதம் எங்கேருந்து வந்துச்சு சார்?"

"நம்பகமான இடத்துலேருந்து" என்று அத்தான் முந்திக்கொண்டார்.

"அசல் இருக்கா? அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"வெளியே வரட்டும்மா" என்றார் ஆசிரியர். "மறுத்தா மறுப்பையும் போடுவோம். நெருப்பில்லாம புகையுமா?"

"நெருப்பு வச்சவரே உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கார் சார். பரிந்துறைன்னு இவர் மட்டும்தான் எழுதுவார்."

ஆசிரியர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பழைய பேப்பர்ல ஒரு இடம் காட்டு. நிறுத்திடறேன்."

அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். ஏன் சிரிக்கமாட்டார்? பதினொரு வருடப் பத்திரிகையில் ஒரு 'பரிந்துறை' கிடையாது. ஒவ்வொன்றையும் நானே தேடித் தேடிக் கொன்றிருக்கிறேன். அவர் அனுப்பும் கோப்பிலேயே திருத்திவிடுவேன் என்பதால் மூலமும் மிஞ்சவில்லை. என் கெட்டிக்காரத்தனமே என் வாயை அடைத்தது.

"உங்கக்கா முகத்துக்காகத்தான் பொறுத்துக்கறேன்" என்றார் அத்தான். "போய் உன் காற்புள்ளி, அரைப்புள்ளியைப் பாரு."

பதினொன்றரைக்கு, பக்கத்தின் அடியில் காலியாக இருந்த இடத்துக்குக் கடைசிச் செய்தி வந்தது. அதுவும் அத்தான் எழுதியது, அவர் பெயரோடு. புதிய வடிகால் வேண்டுமென்று நிபுணர் குழு சொன்னதாம். ஏழு வரியில் இரண்டு 'பரிந்துறை'.

விரல் தானாகவே விசைக்குப் போனது. நிறுத்தினேன். ஆசிரியரிடம் கொண்டுபோனால், இது அச்சான பேப்பர் இல்லையே என்று இதை மட்டும் திருத்திவிட்டுக் கடிதத்தைப் போடுவார்கள். நர்ஸம்மா பெயர் எப்படியும் நாறப்போகிறது. அதற்கு மருந்தாக அத்தானின் பிழையும் அதே பக்கத்தில் இருக்கட்டும். பன்னிரண்டு மணிக்கு, 'பிழையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பினேன். வேலை போகும் என்று தெரிந்தேதான் போட்டேன்.

பத்திரிகை நாலு மணிக்குத் தெருவுக்கு வந்தது. ஐந்து மணிக்குள் ஊரில் எல்லார் போனிலும் அந்தப் பக்கம், மேலே ஒரு சிவப்பு வட்டம், கீழே இரண்டு சிவப்பு வட்டம். வாசலில் நர்ஸம்மாவின் ஆட்கள் சத்தம் போட்டார்கள். ஆசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

அத்தான் என்மேல் பாய்ந்தார். "வருஷக்கணக்கா திருத்துற பிழைதானே? இன்னைக்கு மட்டும் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"எதைச் சொல்றீங்க அத்தான்? வடிகால் செய்தியில இருக்கறதையா, நர்ஸம்மா கடிதத்துல இருக்கறதையா?"

"ச்சே, அந்தக் கடிதத்தையும் டைப் அடிச்சதும் உன்கிட்டக் கொடுத்துத் திருத்தி..."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் வாயை மூடக்கூட மறந்து நின்றது.

ஆசிரியர் அந்தப் பக்கத்தை மடித்து மேசையில் வைத்தார். பிறகு அத்தானை வெளியே போகச் சொன்னார். என்னிடம், "தெரிஞ்சே பிழையை விடற ஆள் எனக்கு வேண்டாம். நாளைக்கு வராதே" என்றார். கதவருகே போனவளைத் திருப்பிக் கூப்பிட்டார். "போறதுக்கு முன்னாடி, நாளைக்குப் போட வேண்டிய திருத்தத்தை எழுதிக் கொடுத்துட்டுப் போ. வேற யாருக்கும் எழுத வராது."

இனி அக்கா வீட்டு வாசலை மிதிக்க முடியாது. ஆனாலும் உட்கார்ந்து எழுதினேன். கடிதம் பொய், எழுதியவர் எங்கள் தலைமை நிருபர், நர்ஸம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறோம். நாலே வரி. பழக்கத்தில் ஒருமுறை படித்துப் பார்த்தேன். பரிந்துரையில் சின்ன ர இருந்தது. அத்தானின் பெயரையும் எழுத்துக்கூட்டிச் சரிபார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டேன்.