தீவில் வைத்த நலங்கு

அக்தர் பேகத்துக்குக் கோபம் வந்தால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையே ஒதுங்கி வழிவிடும். அந்த வெள்ளிக்கிழமை அவள் சந்தைக்குள்ளேயே போகவில்லை. ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில், மகள் ஆஃபியாவின் தோளுக்கு மேலாகக் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தாள். வந்தது வினை.

ஆஃபியாவுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை ஜமீர் அனுப்பிய படங்கள் அவை. கீழ்க்கட்டளைப் பையன். ஸ்காட்லாந்துப் பக்கம் ஒரு சின்னக் கப்பலில் சமையல் வேலை. பத்துப் பன்னிரண்டு டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு, ஆள் அரவமில்லாத தீவு தீவாகச் சுற்றுகிற கப்பல். நோன்புப் பெருநாள் கழிந்ததும் நிக்காஹ் என்று பேச்சு.

முதல் படத்தில் ஆரஞ்சு மூக்கோடு குண்டுகுண்டாகப் பறவைகள். அடுத்ததில் பாறைமேல் கடல்நாய்கள், பிரியாணி சாப்பிட்டுச் சாய்ந்த சம்பந்திமார் மாதிரி. அதுவரைக்கும் அக்தர் பேகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மூன்றாவது படத்தில் நீளமாக ஒரு மேஜை. அதன்மேல் ஈரத்துணி. சுற்றிலும் வெள்ளைக்காரப் பெண்கள் வாயைத் திறந்து பாடுகிறார்கள். நடுவே ஜமீர், முகமெல்லாம் வெட்கம்.

"யா அல்லாஹ்! நலங்கு வெச்சிருக்காளுங்கடி!"

பெண்கள் கூடிப் பாட, நடுவில் ஒரு பையன் நெளிந்தால், அவளுக்குத் தெரிந்து அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

ஆஃபியா 'இது என்ன' என்று கேட்டு மெயில் போட்டாள். பதில் வரவில்லை. கப்பல் துறைமுகத்துக்கு வந்தால்தான் அவனுக்கு போன், நெட் எல்லாம். வீட்டில் சோறு ஆறியது. பெண் வாயே திறக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்தாள். பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

"போய் நிச்சயத்தை முறிச்சிட்டு வாங்க. அங்க ஒருத்தி, இங்க ஒருத்தின்னு எம்பொண்ணு கண்ணீர் விடணுமா?"

கணவர் ஜாபர் தோல் வியாபாரி, நிதானமான மனுஷர். "ஒரு போட்டோவை வெச்சிக்கினு பையனைத் தூக்குல போடாத" என்று ரெண்டு நாள் தள்ளிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை அதுவும் முடியவில்லை. கீழ்க்கட்டளைக்குப் போக அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்த நேரத்தில் போன் அடித்தது. ஜமீர்தான்.

அக்தர் பேகம் ஸ்பீக்கரைப் போட்டாள். சலாம்கூடச் சொல்லவில்லை. "யாருடா அந்தப் பொம்பளைங்க?"

"மாமி, அந்தத் தீவுக்காரங்க. கேலிக்னு ஒரு பாஷை பேசுறாங்க. கம்பளித் துணிய நனைச்சு, பாட்டுப் பாடிக்கினே மேஜைல அடிச்சுக் கெட்டிப்படுத்துறது அவங்க பழைய வழக்கம். டூரிஸ்டுங்களுக்குச் செஞ்சு காட்டினாங்க. ஒரு ஆள் குறைஞ்சுதுன்னு என்னையும் உக்கார வெச்சிட்டாங்க."

"துணி அடிக்க உனக்கு எதுக்குடா அவ்வளவு வெட்கம்?"

ஜமீர் தொண்டையைச் செருமினான்.

"அது... கல்யாணமாகாத பையன் இருந்தா, ஒரு பொண்ணு பேரோட சேத்துக் கிண்டலடிச்சுப் பாடுவாங்களாம். யார் பேரைச் சேக்கலாம்னு கேட்டாங்க. ஆஃபியான்னு சொன்னேன், மாமி."

"அல்ஹம்துலில்லாஹ்!" அக்தர் பேகம் அப்படியே நாற்காலியில் சரிந்தாள். ரெண்டு நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு விழுந்தது. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. ஜாபர் ஸ்கூட்டர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளறையிலிருந்து ஆஃபியா வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. ரெண்டு நாளுக்குப் பிறகு இப்போதுதான் வாய் திறந்தாள்.

"என் பேரைச் சரியாச் சொன்னாங்களா?"

"எங்க? முதல்ல வாயிலயே நுழையல. துணியவிட உன் பேருதான் ஜாஸ்தி அடி வாங்குச்சு. சரியா வர்ற வரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன்னுட்டேன்."

அக்தர் பேகம் தானே ஸ்பீக்கரை அணைத்து, போனை மகள் கையில் கொடுத்துவிட்டு, கணவரை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.