ரிப்பேர் வண்டி ஓடிய வேகம்

போனில் வந்த செய்தியை வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். என் டிவிஎஸ் மேலகரம் பக்கம் அறுபத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் போனதாம். அங்கே ஐம்பதுதானாம். அபராதம் கட்டு, இல்லையென்றால் ஆட்சேபணை சொல் என்று இருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அறுபத்தெட்டு எங்கிருந்து வந்தது என்றுதான் யோசனை ஓடியது. இரண்டு மூட்டை வைத்தால் சைக்கிள்காரன் முந்துகிற வண்டி அது. போதாததற்கு, செய்தியில் போட்டிருந்த அன்றைக்கு அது செயின் அறுந்து மெக்கானிக் கடையில் கிடந்தது.

வேறு சமயமாக இருந்தால் கட்டித் தொலைத்திருப்பேன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் சிவசுப்பிரமணியன் முதலாளியின் கமிஷன் கடையில் மூட்டை தூக்குகிறவன் நான். வலது தோள் இப்போது தலைக்கு மேல் எழுவதில்லை. முதலாளியின் குட்டியானை லோடு வண்டியை ஓட்டின பையன் ஒரு வளைவில் தக்காளியை எல்லாம் ரோட்டில் கொட்டிவிட்டு, வேலையை விட்டு நின்றுவிட்டான். அதிலிருந்து முதலாளியே ஓட்டுகிறார். நான் லைசென்ஸ் எடுத்ததைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

“வேகமா ஓட்டுதவன் எனக்கு வேண்டாம்லே ஏசுவடியான். ஒரு கேசும் இல்லாம இரு. ஒண்ணாந்தேதி நீ வண்டிய எடு,” என்றிருந்தார்.

இப்போது என் நம்பர்மேல் கேசு. இது என் பேரில் நிலைத்துவிட்டால் எனக்கு மறுபடி மூட்டைதான்.

தென்காசியில் சஃப்ரின் என்கிற பெண் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். செய்தியைப் பார்த்ததும், “என்ன அண்ணாச்சி, அருவியில குளிக்க அவ்வளவு அவசரமா?” என்றாள்.

“எறக்கத்துல உருட்டி விட்டாக்கூட அது அவ்வளவு போவாது, பாப்பா. போட்டோ இருக்குமாமே, அதக் காட்டு.”

முதலில் நம்பர் பிளேட் மட்டும் வந்தது. என் நம்பர்தான். அதில் ஒட்டியிருந்த செம்மண்கூட என்னுடையதுதான். முழுப் படம் திறந்ததும் சஃப்ரின் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள்.

“அண்ணாச்சி, சக்கரம் ரோட்டுல இல்லயே.”

“பின்ன?”

“அந்தரத்துல நிக்கு. பக்கத்துல ஒரு ஆளு துண்டு பறக்க உக்காந்திருக்காரு. இது நீங்கதான?”

நானேதான். அன்றைக்குக் குற்றாலத்தில் லாட்ஜுகளுக்குக் காய்கறி இறக்கப் போயிருந்தோம். நான் டிவிஎஸ்ஸில் குட்டியானைக்குப் பின்னால் போனேன். அங்கேதான் செயின் அறுந்தது. “தூக்கிப் போடுலே,” என்றார் முதலாளி. காலி டிரேக்கள் இருந்ததால் டிவிஎஸ் உள்ளே அடங்கவில்லை. பின்கதவைத் தொங்கவிட்டு, கயிறு கட்டி, சாயாமல் பிடித்துக்கொண்டு மெக்கானிக் கடைவரை நானும் ஏறி உட்கார்ந்து வந்தேன். தொங்கிய கதவு குட்டியானையின் நம்பரை மூடிவிட்டது. கேமராவுக்குத் தெரிந்தது என் நம்பர் மட்டும்.

சஃப்ரின் சிரித்து முடித்தாள். “வண்டி ஓடல, ஏத்திட்டுப் போனதுன்னு இந்தப் படத்தோட எழுதிப் போட்டா ஒங்க பேருல இருந்து போயிரும். ஆமா, குட்டியானைய ஓட்டுனது யாரு?”

“வேகமா ஓட்டுதவன் வேண்டாம்னு சொன்னவரு,” என்றேன். “ஒரு பிரிண்ட் எடு. அவருட்ட காட்டாம ஒண்ணும் போட வேண்டாம்.”

கடையில் முதலாளி படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

“இது நம்ம டிரேல்லா?”

“ஆமா மொதலாளி.”

“அப்ப நானா ஓட்டுனேன்?”

“கேரளா லாரி கடையில காத்து நிக்குன்னு வெரட்டிட்டு வந்தீங்க.”

“எனக்கு நாப்பது மாதிரில்லா இருந்துச்சு.”

“பின்னால இருந்த எனக்கு நூறு மாதிரி இருந்துச்சு.”

“நீ கத்த வேண்டியதுதானலே.”

“கத்துனேன். நீங்க ஹாரன் அடிச்சீங்க.”

சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஊசியை நிறுத்திவிட்டார்கள். முதலாளி அவர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஏலே, இது ஒம்பேருலயே இருந்துட்டுப் போவட்டும். பைசாவ நான் கட்டுதேன்.”

“கட்டுனா நான் கேசு உள்ள டிரைவர் ஆயிருவேன். அப்படி ஆள வேண்டாம்னு நீங்கதான சொன்னீங்க.”

அவர் படத்தை மறுபடி தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கோபமா, வெட்கமா, கணக்குப் போடுகிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன். பிறகு மேசையில் கிடந்த பேனாவை என் பக்கம் தள்ளினார். ஆட்சேபணையை நான் எழுதினேன். குட்டியானையின் நம்பரை அவரே இரண்டு தடவை, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“கதவ தொங்க விட்டதுக்கும், நீ பின்னால ஏறுனதுக்கும் தனித்தனியா அபராதம் போடுவானோலே?”

“தெரியல. கேட்டுப் பாப்போம்.”

“போலீசுட்ட நேர்லயே போயி கேப்போம், வா.”

வெளியே வந்து குட்டியானையின் டிரைவர் பக்கக் கதவில் கை வைத்தவர், கையை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிப் போய் இடதுபக்கம் ஏறினார்.

“வேகம் காட்டுத முள்ளு எங்கன இருக்கு?” என்றார். காட்டினேன்.

“நான் இதப் பாத்துக்கிட்டே வாரேன். நீ எடு.”