எல்லோருக்கும் பதினெட்டு

மரணத்தின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்த முதல் மனிதர் என்று பேராசிரியரை மேடையில் அறிமுகப்படுத்தினார்கள். அவர் பேச எழுந்ததும் மைக் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிப்போனது. ஆனாலும் சேதி பரவிவிட்டது. வைரஸ் காய்ச்சல் நுரையீரலில் இறங்கி ஆஸ்பத்திரியில் படுத்தவர்களில் யார் பிழைப்பார், யார் போவார் என்று அவருடைய கணினி முன்கூட்டியே நிறம் காட்டும்: பச்சை, மஞ்சள், சிவப்பு. வயது, ரத்தம், ஆக்சிஜன் எல்லாம் அதற்கு வேண்டும். மூச்சின் வேகம் மட்டும் வேண்டாம். அவருடைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளிலிருந்து ஆயிரக்கணக்கான நோயாளிகளின் விவரங்களை மென்று தின்றுவிட்டு, மூச்சின் வேகத்துக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று அது துப்பியிருந்தது. உலகமே வியந்த கண்டுபிடிப்பு. உலகம் என்றால், அந்த அரங்கில் சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர்கள்.

இப்போது அதே ஆஸ்பத்திரியின் பொது வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், அவருடைய சொந்த அக்கா அதே காய்ச்சலோடு படுத்திருந்தாள்.

"டேய், மூச்சு வாங்குதுடா."

"பயப்படாதக்கா. உனக்குப் பச்சை காட்டுது."

"நான் என்ன... சிக்னல் கம்பமா? மூச்சு வாங்குதுன்றேன்... கலர் சொல்றான்."

அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு மூன்று தவணை தேவைப்பட்டது. தம்பியைத் திட்டும்போது முற்றுப்புள்ளி வைத்தே பழக்கமில்லாதவள். பேராசிரியர் கட்டில் தலைமாட்டுச் சீட்டைப் பார்த்தார். மூச்சு: பதினெட்டு. பக்கத்துக் கட்டிலுக்கும் பதினெட்டு. குறட்டை விட்டவருக்கும், உட்கார்ந்தபடி திணறிக்கொண்டிருந்தவருக்கும் அதே பதினெட்டு.

"என்ன சிஸ்டர் இது, எல்லாருக்கும் ஒண்ணாவே இருக்கு?"

"எப்பவும் அப்படித்தானே சார்." தலைமைச் செவிலி அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "யாரு நின்னு எண்ணிக்கிட்டிருப்பா, பதினெட்டுன்னு போட்டுடுங்கன்னு இங்க டாக்டரா சேர்ந்த புதுசுல நீங்கதான் சொன்னீங்க."

அவர் அக்காவின் மார்பில் கை வைத்து எண்ணினார். ஒரு நிமிடத்தில் முப்பத்தாறு.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். முகமூடிக்குள் காற்று சீறியது. பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கழுத்தெலும்புக்கு மேலிருந்த குழி உள்வாங்கியது, நிரம்பியது, மறுபடி உள்வாங்கியது. யாரும் ஏவாமல், யாருக்கும் கணக்குக் காட்டாமல், பிறந்த நொடியிலிருந்து இந்த உடம்பு இதையேதான் செய்துகொண்டிருக்கிறது. முப்பது வருடம் நெஞ்சு வைத்தியம் பார்த்தவருக்கு, ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இவ்வளவு பெரிய இடம் இருப்பது தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அவரும் நின்று காத்திருந்தார். ஒவ்வொரு முறையும் அடுத்த மூச்சு வந்தது.

அக்கா கண்ணைத் திறந்து, இப்போது என்ன நிறம் என்பதுபோல் புருவத்தைத் தூக்கினாள்.

"தெரியலக்கா."

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

மாணவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். பேராசிரியர் உதட்டை அசைத்து, விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். நடுவில் கணக்கு விட்டுப்போனது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.