அத்தை வைத்த பேர்

சுகுணாவுக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது. எரியாமல் என்ன செய்யும்? தம்பி பெண்டாட்டி பூங்குழலி பச்சைக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, "மெர்சி சிஸ்டர் ஒரு பேரு சொல்லியிருக்காங்க அண்ணி" என்கிறாள். அத்தைக்காரி ஒருத்தி குத்துக்கல்லாட்டம் எதிரே உட்கார்ந்திருக்கும்போது பேர் சொல்ல நர்ஸ் யார்?

அந்தக் குடும்பத்தில் அப்பனோடு பிறந்த அத்தைதான் பிள்ளைக்குப் பேர் வைப்பாள். முந்தானையால் குழந்தையை மூடிக்கொண்டு வலது காதில் மூன்று தடவை சொல்லுவாள். பிறகு தலையைத் தூக்கிக் கூட்டத்துக்குச் சொல்லுவாள். அவள் வாயிலிருந்து எது வருகிறதோ அதுதான் பேர். பெற்றவளே அழுது புரண்டாலும் பிறகு மாற்றுவது கிடையாது.

மெர்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, மலைமேல் தேவனூர் நாட்டுக்கு வேலைக்கு வந்த அரசாங்க நர்ஸ். அங்கே ஊர்கள் பல சேர்ந்தது ஒரு நாடு. பிரசவத்தன்று ஆம்புலன்ஸில் கூடவே போனவள் அவள். கட்டிக்கொடுத்த பைல் நாட்டிலிருந்து சுகுணா பஸ் பிடித்து விழுந்தடித்து வந்தபோது, குழந்தை மெர்சியின் கையில் சொந்தப் பிள்ளை போலத் தூங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கே சுகுணாவுக்கு அவளைக் கண்டால் ஆகாமல் போயிற்று.

அவள் வந்தால் சும்மா இருக்கிறாளா? ஊரில் யாரைப் பார்த்தாலும், "உங்க பேருக்கு என்ன அர்த்தம், யாரு வச்சது?" என்று கேட்கிற வியாதி அவளுக்கு. சுகுணாவின் அம்மா பெருமாயி, பெருமாளுக்கு வேண்டிப் பிறந்ததால் அந்தப் பேர் வந்தது என்றாள். அப்பா குப்புசாமிக்கு முன்னால் பிறந்தவை தங்காததால், அவரைக் குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி எடுத்து, எமனுக்கே வேண்டாத பேராகப் பார்த்து வைத்தார்களாம். மெர்சி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டுவிட்டுப் போனை நீட்டினாள்.

"இதழினி. பூவிதழ் மாதிரி மென்மையானவள்னு அர்த்தம் போட்டிருக்குக்கா."

"போன்ல பாத்து எடுக்கறதுக்கு இதென்ன சீலையா?" என்றாள் சுகுணா.

மெர்சி சிரித்தாள். "நான் சும்மா சொன்னேன்கா. அத்தைதானே வைக்கணும். நீங்க என்ன பேரு யோசிச்சிருக்கீங்க?" என்றாள். அவள் நல்லவளாக வேறு இருந்து தொலைத்தாள். திருப்பிச் சண்டை போட்டிருந்தால்கூடச் சுகுணாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சுகுணாவிடம் ஒரு பேர் இருந்தது. சாரல். எந்தப் போனிலும் பார்த்து எடுத்ததில்லை. கல்யாணமான புதிதில், உண்டாகியிருப்பது உறுதியாகி நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் மலையேறி வரும்போது, ஒரு வளைவில் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து மடியெல்லாம் நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த புருசன் அர்த்தனாரி கண்ணாடியைச் சாத்த எழுந்தான். "சாத்தாதீங்க. புள்ளைக்குப் பேரு வந்துருச்சு" என்றாள் இவள். ஐந்தாம் மாதத்தில் அந்தப் பிள்ளை கலைந்து போயிற்று. அதற்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் அவள் பேச்சும் எடுத்ததில்லை. ஆனால் மிளகுக் கொடி கட்டும்போதும் குச்சிக்கிழங்கு பிடுங்கும்போதும் மனதுக்குள் அந்தப் பேரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். இப்போது தம்பி பிள்ளைக்கு அதை வைத்துவிடலாம், வாய்விட்டுக் கூப்பிட ஆள் கிடைக்கும் என்று வந்தால், இங்கே இதழினி.

அவள் தம்பி யுவராஜைக் கூப்பிட்டு நேராகவே சொன்னாள். "நர்சு சொல்ற பேருதான்னா நர்சே காதுல ஓதிக்கட்டும். நான் பஸ் ஏறிக்கறேன்."

"ஏன்க்கா இப்படிப் பேசற? உன் வாயில வர்றதுதான் பேரு. அதுக்கு மேல யாரு பேசறது?" என்றான் யுவராஜ். பூங்குழலிக்குக் கண் கலங்கிவிட்டது. "சரிங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள். ஜெயித்துவிட்டோம் என்று சுகுணாவுக்கு உச்சி குளிர்ந்தது.

பேர் வைக்கிற அன்று காலையில் இரண்டு நாட்டு உறவும் வந்து வாசல் நிறைந்துவிட்டது. குழந்தையைச் சுகுணாவின் மடியில் கிடத்தினார்கள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு அவள் குனிந்தாள்.

உள்ளே அவளும் குழந்தையும் மட்டும்தான். பூங்குழலியின் மூக்கு, பூங்குழலியின் உதடு, அச்சு அசலாக. குழந்தை வாயைத் திறந்து இவள் மார்புப் பக்கம் திரும்பிப் பாலைத் தேடியது. அங்கே இல்லை என்று தெரிந்ததும், வெளியே பூங்குழலியின் பேச்சுக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிணுங்கியது.

சுகுணாவின் நாக்கு நுனியில் பேர் இருந்தது. நாளையிலிருந்து பூங்குழலி வாசலில் நின்று அந்தப் பேரைக் கூவுவாள். மெர்சி ஊசி போட வந்து அந்தப் பேரைச் சொல்லிக் கொஞ்சுவாள். சேட்டை பண்ணினால் அதே பேரைச் சொல்லித் திட்டுவார்கள். அப்புறம் மிளகுத் தோட்டத்தில் இவள் மனதுக்குள் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பது? அந்தப் பிள்ளைக்கென்று இருந்தது இந்தப் பேர் ஒன்றுதான். ஒரு துணி இல்லை, ஒரு போட்டோ இல்லை. உனக்கு அம்மா இருக்கிறாள், அப்பன் இருக்கிறான், கொஞ்ச நர்ஸ்கூட இருக்கிறாள், இதுவும் வேண்டுமா உனக்கு என்று அந்தப் பிஞ்சு முகத்தைப் பார்த்துக் கேட்கத் தோன்றியது. ஒரு மாதக் குழந்தைமேல் பொறாமைப்படுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அது அடங்கவில்லை.

மூன்று தடவை காதில் சொன்னாள். முந்தானையை விலக்கித் தலையைத் தூக்கினாள்.

"இதழினி" என்றாள்.

பூங்குழலி ஓடி வந்து அவள் தோளில் சாய்ந்து அழுதேவிட்டாள். "எங்கக்கா மனசு யாருக்கு வரும்" என்று யுவராஜ் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். மெர்சி கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு பெரிய மனசுக்கா உங்களுக்கு" என்றாள். சுகுணா கையை உருவிக்கொண்டு பந்தி விசாரிக்கப் போனாள்.

பந்தியில் கடைசி இலையில் அர்த்தனாரி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ரசம் ஊற்றக் குனிந்தபோது குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான்.

"அந்தப் பேருக்காகத்தான அத்தனை சண்டை போட்ட? ஏன் வைக்கல?"

"அது நம்ம புள்ள பேருங்க" என்றாள் சுகுணா. "அதை எதுக்கு நான் ஊரான் புள்ளைக்குத் தரோணும்?"

இத்தனை வருசத்தில் நம்ம புள்ள என்று அவள் வாயால் அவன் கேட்பது அதுதான் முதல் தடவை.