சீர் கொண்டுவந்த மஞ்சள்காதுக் குருவி

கொட்டகலைச் சின்னராசா வீட்டில் குருவிக் குஞ்சுகளுக்குக்கூடத் தாய்மாமன் சீர் சுமந்து வந்தான். அப்படித்தான் அவர் சொன்னார். அதுவும் தம் மகனுக்குப் பெண் கொடுக்க, ஐம்பத்தைந்தாம் வருஷத்து மாசியில் டயகமவிலிருந்து வீடு பார்க்க வந்திருந்த முத்துலிங்கத்திடம்.

முத்துலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பையன் தங்கமானவன்தான். தகப்பனோ, காலைப் பெரட்டில் பேர் கொடுக்க வந்த தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் தம் தோட்டத்துக் முட்டைக்கோவா இலை ஒன்றின் கீழ் மழைக்கு ஒதுங்கினார்கள் என்று சற்றுமுன்தான் சாதித்திருந்தார்.

"வாயத் தொறந்தா பொய்யி. இந்த வீட்டுக்கு எம்மகள எப்படி அனுப்புறது? குருவியக் காட்டுங்க. இல்லாட்டி பேச்ச இதோட விட்ருவோம்."

"வாங்க சம்பந்தி!"

"இன்னும் சம்பந்தி ஆகல."

லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மரத்தக்காளிச் செடியில் கிண்ணம்போல ஒரு கூடு. கரிய தலை, கொண்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. அப்படி ஒரு குருவி வந்து புழு ஊட்டிப் போனது. அச்சாக அதேபோல் இன்னொன்றும் வந்தது.

"இது அப்பன், ஆத்தா. மாமன் எங்க?"

கேட்டு வாய் மூடவில்லை. பச்சை உடம்பும் மஞ்சள் காதுமாக, தலைக் கருப்பை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு குருவி பழத்தோடு இறங்கியது. குஞ்சு வாயில் திணித்துவிட்டுச் சீழ்க்கையடித்தது.

முத்துலிங்கம் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். சொந்தம் என்றால் நிறம் ஏன் ஒட்டவில்லை? அந்நியன் என்றால் அதே கருந்தலை எங்கிருந்து வந்தது?

"ஆத்தா கூடப் பொறந்தவன்னா கருப்பாத்தானே இருக்கணும்?"

சின்னராசாவின் மனைவி ராக்காயி விறகை இறக்கிவிட்டுச் சிரித்தாள். "வம்சம் ஒன்னுதாண்ணே. செவப்புவாலு கண்டிப் பக்கமும் இருக்கு, எங்கயும் இருக்கு. மஞ்சக்காது இந்தக் குளிர விட்டு எறங்காது."

"அப்ப என்ன மொற?"

"மாமன்!" என்றார் சின்னராசா.

"சித்தப்பன்!" என்றாள் ராக்காயி.

"ஒரு பொய்ய ரெண்டு பேரும் ஒத்துமையாச் சொல்லக் கூடாதா?" என்று முத்துலிங்கம் கத்தினார். மஞ்சள்காது அதைச் சட்டை செய்யாமல் அடுத்த பழத்தோடு வந்து இறங்கியது.

பொழுது சாய டயகம திரும்பியவரிடம் மனைவி கேட்டாள்: "ஆளுங்க எப்படி?"

அவர் குருவிக் கதையைச் சொன்னார். அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு பொழுதுலயே அவுக புத்தி ஒட்டிக்கிச்சா?"

"சத்தியமாடி! அந்த மனுசன் சொன்னது நெசந்தான், பொண்ணக் குடுத்துருவோம். மஞ்சக்காதுக்கும் குஞ்சுக்கும் என்ன மொறன்னு மட்டும் கேக்காத, எனக்கே வெளங்கல. ஆனா ஊட்டுச்சு. எங்கண்ணால பாத்தேன்."