கீச்சிடாத ப்ளோயர்

அத்தையின் காரில் ஹீட்டர் காற்று நின்றுபோனதற்கு யார் காரணம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ரேடியோ மாமாதான். அத்தை அப்படிச் சொன்னாள், அவரும் தலையாட்டி ஒப்புக்கொண்டார். அது பொய்யாக இருக்கலாம் என்று நினைத்த ஒரே ஆள், முன்சீட்டில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தாள்.

அத்தை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அந்தப் பழைய கார்தான் வீட்டுக்குச் சோறு போட்டது. அத்தை வீட்டில் தங்கிப் படிக்கும் அண்ணன் மகள் கல்லூரி விட்டதும் அதில் ஏறிக்கொள்வாள். கடைசி ஆளுக்குப் பாடம் முடியும்வரை பின்சீட்டில் நாவலும் கையுமாகக் கிடப்பாள். அத்தை அவளுக்கு வைத்த பெயர் புழு. புத்தகம் என்ற முன்பாதி எப்போதோ உதிர்ந்துவிட்டது.

குளிரோ வெயிலோ, காற்றை ஊதும் ப்ளோயர் ஒன்றாம் நம்பரில் ஓடியே ஆகவேண்டும் அத்தைக்கு. அதுவோ கோடை முடியும் சமயத்தில் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அன்று நாவலில், பனியில் புதைந்த ஊர் ஒன்றில், அடுப்புக்கு விறகில்லாமல் ஒரு குடும்பம் விறைத்துக்கொண்டிருந்த அத்தியாயத்தில் இருந்தாள் புழு. அத்தை கடைக்குள் போயிருந்தாள். உருண்டு விழுந்த பென்சிலைத் தேடி முன்சீட்டுக் கால்மாட்டில் குனிந்தபோது, டாஷ்போர்டுக்கு அடியில் உருண்டையாக மோட்டாரும் அதில் செருகிய பிளக்கும் கண்ணில் பட்டன. பிளக்கின் பூட்டு நாக்கை அழுத்தி இழுத்தாள். சத்தம் நின்றது. இன்னும் நாலு பக்கம் படித்துவிட்டுச் செருகிவிடலாம் என்று நினைத்தாள். அந்தக் குடும்பம் விறைத்து முடிவதற்குள் அது மறந்தே போயிற்று.

ஒன்றாம் நம்பர் காற்று எப்போதும் பட்டும் படாமலும்தான் வரும், அது நின்றதை அத்தை கவனிக்கவில்லை; சத்தம் போனதில் ஒரே பெருமை. டாஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தாள். "பாத்தியா? என் வண்டிக்கு என்மேல பாசம். தானாவே சரியாயிடுச்சு."

பிறகு ரேடியோ மாமா வந்து புது ரேடியோ பொருத்தினார். அத்தையின் செத்துப்போன புருஷனுக்குச் சிநேகிதர் அவர். கூட்டுக்குடும்பம் மாதிரி சிக்கிக் கிடந்த ஒயர்களைப் பிரித்து, துணி டேப் சுற்றி, பின்னல் போட்டதுபோல் அழகாகக் கட்டிவிட்டுப் போனார். அதற்குப் பின்னால்தான் குளிர் வந்தது. காற்று வரவில்லை. கண்ணாடி பாலாடை கட்டியதுபோல் மங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் வண்டியைச் சுவரில் தேய்த்தாள். நாளை அதே பெண்ணுக்கு ஓட்டுநர் தேர்வு, இதே வண்டியில்.

புழு ஒரு விடியலில் திருட்டுத்தனமாகப் பிளக்கைச் செருகிப் பார்த்தாள். அப்போதும் காற்று வரவில்லை. அப்படியானால் வேறு ஏதோ கோளாறு, நமக்குச் சம்பந்தமில்லை என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். இன்று காலை அத்தை ரேடியோ மாமாவைப் பார்த்துச் சொன்னதைக் கேட்கும்வரை அந்தச் சமாதானம் தாங்கியது.

"ஏண்ணே, கண்ணு சரியாத் தெரியலன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? வேற ஆளப் பாத்திருப்பேன்."

அவர் தலையாட்டிவிட்டு ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். ப்ளோயர் ஃபியூஸ் கருகியிருந்தது. புதிதாக ஒன்று போட்டு சாவியைத் திருப்பினார். டப். அதுவும் போயிற்று.

"எங்கியோ ஒயர் தோல் உரிஞ்சு இரும்புல உரசுது, பாப்பா. ரேடியோவ உள்ள தள்ளுனப்ப நாந்தான் நசுக்கியிருப்பேன்."

புழுவின் பார்வை கால்மாட்டுக்குப் போனது. கழற்றிவிட்ட பிளக், அவள் திரும்பச் செருகிய அந்த விடியல்வரை, வாரக்கணக்கில் ஒயரோடு தொங்கி, ஒவ்வொரு குழியிலும் ஊஞ்சலாடியிருக்கும். அதன் பக்கத்திலேயே கூரான இரும்புப் பட்டை ஒன்று உண்டு. பென்சிலை எடுக்கும்போது அவள் கையைக் கீறிய பட்டை.

சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் ரேடியோவை வெளியே இழுத்துவிட்டார். பின்னிக் கட்டியிருந்த ஒயர்களை டார்ச் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகத் தடவினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை தடவினார்.

"நல்லாத்தான இருக்கு மாமா?" என்றாள்.

"எனக்குத் தெரியல, அவ்வளவுதான். உள்ள இருக்கும்." கத்தியால் டேப்பைக் கிழித்தார். கட்டிய கை அவருடையது, பிரிக்கிற கையும் அவருடையது. "இந்த வேலையோட டூல்ஸ் பெட்டிய மூடிட வேண்டியதுதான். உங்கத்த கேட்டதுல தப்பே இல்ல. ஏதோ சுவத்தோட போச்சு. ரோட்டுல ஒரு ஆள்மேல ஏறியிருந்தா?"

கட்டர் ஒரு ஒயரை நறுக்கியது. பிறகு இன்னொன்றை. மூன்றாவதற்குப் போனபோது அவள் டார்ச்சை அணைத்துவிட்டாள்.

"என்ன, பேட்டரி போச்சா?"

"மாமா, நீங்க பண்ணல. நாந்தான். சத்தம் தாங்காம மோட்டார் பிளக்கக் கழட்டினேன். திரும்ப மாட்ட மறந்துட்டேன்."

அவர் சிரித்தார். அவள் தோளைத் தட்டினார். "நல்ல பொண்ணு நீ. கெழவன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பழிய எடுத்துக்கிற. கதைப் புத்தகம் நெறையப் படிச்சா இப்படித்தான். லைட்டப் போடு."

திட்டியிருந்தால்கூட இந்த அளவுக்குச் சுட்டிருக்காது.

அவள் கால்மாட்டில் தலைகீழாகக் கவிழ்ந்து, பார்க்காமலே கையை உள்ளே விட்டாள். விரல் நேராகப் பிளக்கின் நாக்கில் போய் நின்றது. ஒரு அழுத்து, ஒரு இழுப்பு. பழகிய கை அது என்று யாருக்கும் தெரிந்திருக்கும். ஒயரை வெளியே இழுத்து அவர் முன்னால் நீட்டினாள். ஒரு இடத்தில் தோல் தேய்ந்து செம்பு பளபளத்தது. டார்ச்சை உள்ளே அடித்தாள். இரும்புப் பட்டையின் விளிம்பில் பொறி தெறித்துக் கருகிய சின்னப் புள்ளி இருந்தது.

அவர் ஒயரைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். கடைசியில் மடியில் கிடந்த வெட்டுப்பட்ட ஒயர்களைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ப்ளோயர விடு. அது பொருளு. நான் இத வெட்டுறப்ப பக்கத்துல உக்காந்து வெளிச்சம் காட்டுனியே, அதத்தான் பாப்பா என்னால..."

 அவர் தேய்ந்த இடத்தில் டேப் சுற்றினார். தன் நாக்கு பல்லிடுக்கில் துருத்தும்படி பிடிவாதமாகச் சுற்றினார். மோட்டாரையும் கழற்றினார். காற்றாடிக்குள் ஒரு சருகு சுருண்டிருந்தது. கீச்சிட்டது அதுதான். அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். வெட்டிய ஒயர்களை இணைக்கும் வேலையை அவளிடமே விட்டார். அவர் வாயால் சொல்ல, அவள் முறுக்கினாள். தளர்வாக ஒரு முறுக்கு வந்தால் அவர் அதைப் பிரித்துத் திரும்பக் கொடுத்தார்.

மோட்டாரைத் திரும்ப மாட்டி, இருந்த கடைசி ஃபியூஸைப் போட்டு, கதவுகளைச் சாத்தி, எஞ்சினைக் கிளப்பினார். இரண்டு பேரின் மூச்சிலும் முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாகியிருந்தது. ஒன்றாம் நம்பர். காற்று வந்தது, சத்தமே இல்லாமல்.

பனி கண்ணாடியின் அடியிலிருந்து விலகத் தொடங்கியது. முதலில் வாசற்படி தெரிந்தது. அப்புறம் அத்தையின் செருப்பு. அப்புறம் இடுப்பில் ஊன்றிய இரண்டு கைகள்.

"எங்கிட்ட சொன்னது பாதிதான்," என்றார் அவர். "மீதிக்கு ஆள் வெளிய நிக்குது."

"நீங்களே சொல்லிடுங்களேன் மாமா."

"நான் சொன்னா, தப்பிக்கப் பாத்து சின்னப் பொண்ணு தலைல கட்டுறேன்னு சொல்லுவா."

கண்ணாடியில் தெளிந்த இடம் அத்தையின் கழுத்துவரை ஏறியிருந்தது. புழு சருகைக் கையில் பொத்திக்கொண்டு, அத்தையின் முகம் தெரிவதற்குள் கதவைத் திறந்து இறங்கினாள்.

"என்னடி புழு, சரியாச்சா? இல்ல, அண்ணன் இன்னும் தடவிட்டுத்தான் இருக்காரா?"

"அத்தை," என்றாள். பொத்திய கையை விரித்துச் சருகை நீட்டினாள். "மாமாவுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."