யெர்க்கோவுக்காகத் துயருறுவோர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று என் வலது கையின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். நாற்பது வருடம் ஊர்ச் சாவுகளுக்கெல்லாம் அச்சுக் கோத்த கை இது.

எங்கள் தீவில் ஒருவர் இறந்தால், கறுப்புக் கரை போட்ட தாளில் அவர் படத்தை அச்சடித்துக் கப்பல் துறைப் பலகையில் ஒட்டுவோம். படத்துக்குக் கீழே 'துயருறுவோர்' என்று போட்டு, மனைவி மக்கள் பெயர்கள் வரிசையாக வரும். வரி நீண்டால் செத்தவருக்குப் பெருமை.

யெர்க்கோவுக்கு அந்த வரியில்தான் சிக்கல். முப்பது கோடைக்காலம், கப்பலில் வந்திறங்கும் வெளிநாட்டுப் பெண்களின் பெட்டிகளைத் தூக்கியே காதல் செய்தவன். அவன் சிரித்தால் கடற்கரை நாற்காலிகள் தாமாக அவன் பக்கம் திரும்பும், பார்த்திருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் நெஞ்சுவலி வந்ததும் மருத்துவரிடம் போகாமல் என் அச்சுக்கூடத்துக்கு ஓடி வந்தான்.

"டேய் பேப்போ, என் சாவுத் தாளை இப்பவே அடிச்சுக் காட்டு. படம் நல்லா விழணும்."

"படம் கெடக்கட்டும்டா மாப்ளே. கீழ யார் பேரைப் போட?"

"இங்கிரிட்... இல்ல, அது அவ அக்காவா? அப்புறம் அந்த மஞ்சத் தொப்பிக்காரி..."

"மஞ்சத் தொப்பிய எப்படிடா அச்சுக் கோக்கறது?"

சிரிப்பான் என்று பார்த்தேன். வெற்றுத் தாளைத் தடவிக்கொண்டே நின்றான்.

"ஒரு பேராவது வேணும்டா. ஒண்ணே ஒண்ணு."

விடுவேனா? அவன் கட்டிலுக்கடியில் பெட்டி நிறையக் கடிதங்கள். ஒன்றைக்கூட அவன் பிரித்ததில்லை. உறைகளின் பின்னால் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு முகவரிக்கும் தாள் அனுப்பினோம்: 'யெர்க்கோ காலமானார். வெள்ளி நண்பகல் அடக்கம். துயருறுவோர் நேரில் வந்து பெயர் தரவும்.'

வெள்ளிக்கிழமை! அத்தனை பேரும் ஒரே பக்கமாக நின்று அழுததில் கப்பல் சாய்ந்துகொண்டே வந்தது. ஸ்வீடன்காரிகள், ஜெர்மன்காரிகள், செக் நாட்டு மருத்துவச்சி ஒருத்தி தன் கணவனோடு! கண்ணீர் வழிந்த துறைப் படியில் பாதிரியார் இரண்டு முறை வழுக்கி விழுந்தார். எல்லோரும் என் கடையை முற்றுகையிட்டார்கள்.

"என் பேருதான் மொதல்ல வரணும்!"

"ஏன்டி, நீ அவன்கூட ஒரு வாரந்தானே? நான் பத்து நாள்!"

"பத்து நாளும் மழை பேஞ்சிருக்கும், வேற போக்கிடம் இருந்திருக்காது!"

அச்சு எழுத்துகள் தீர்ந்து, பக்கத்துத் தீவிலிருந்து படகில் வரவழைத்தேன். தாள் போதாமல் மீன்பிடிப் படகின் பாயை அவிழ்த்து அதில் அடித்தேன். யெர்க்கோ என் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டு என் காற்சட்டையை இழுத்தபடியே இருந்தான்.

"பேப்போ, இன்னும் வராங்களாடா?"

"வராங்கடா. வந்துக்கிட்டே இருக்காங்க."

அன்று கப்பலிலிருந்து எங்கள் துறையில் இறங்கியது ஒரு தபால் மூட்டை மட்டுமே; மற்றதெல்லாம் மேசைக்கடியில் இருந்தவனுக்காக நான் வாயால் கோத்தது.